வெள்ளிக்கிழமைப் படகு

படகின் முன்முனையான அணியத்தில் அக்கா சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, பல்லரோச் சந்தையில் வாங்கிய தேங்காயை உடைத்தபோது, அந்த மங்களமே எங்களுக்கு வினையாகுமென்று யார் கண்டது? அவர் என் சொந்த அக்கா இல்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, இத்தாலியின் பலெர்மோ நகரில் பல வருடம் சீஞ்ஞோராமாரின், அதாவது வெள்ளைக்கார வீட்டுக்காரிகளின், வீடுகளைத் துடைத்து, அந்த வேலைக்கு நடுவே படகோட்டும் உரிமமும் எடுத்தவர். நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியில் எங்கள் சனம் அவரைச் ‘சம்மாட்டியம்மா’, பெரிய படகு முதலாளியம்மா, என்று நக்கலடிக்கும். பொம்பிளை கடலுக்குப் போறதோ என்று மூக்கில் விரல் வைத்தவர்களும் உண்டு. அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூழ்கிக் கிடக்கும் பழைய சரக்குக் கப்பலுக்கு மேலே ஆட்களைக் கூட்டிப்போய்த் தூண்டில் போடவைப்பதுதான் தொழில். நமக்கு அது துருப்பிடித்த இரும்பு, மீனுக்கு மாளிகை. படகின் சொந்தக்காரர், ‘கப்பித்தானோ’ என்று எல்லோரும் கூப்பிடும் கிழக் கப்டன், ஓய்வெடுக்கவிருந்தார். முதல் பயணம் நல்லபடி முடிந்தால் கோடை முழுக்கப் படகு அக்காவிடம், இல்லையென்றால் வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார். அக்காவோ வீட்டு வேலையையும் விட்டுவிட்டு வந்து நின்றார். தூண்டில் கட்டிக்கொடுக்க நான்.

நாள் குறித்தது அக்காதான். நல்ல காரியம், வெள்ளிக்கிழமைதானே. மீன்பிடிக்க வந்த சிசிலியர்கள் சந்தனத்தைப் பார்த்து விசாரிக்க, இதுதான் இவரின் முதல் பயணம் என்று கப்பித்தானோ பெருமையாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தொடங்கிய தொழில் உருப்படாது என்பது அவர்களின் நம்பிக்கை. படகில் கால் வைக்கமாட்டோமென்று துறையிலேயே நின்றுவிட்டார்கள்.

அக்கா அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, கயித்தை அவிட்டுவிடும்.”

“ஆக்களில்லாமல் எங்கையக்கா போறது?”

“தொடங்கத்தானே பயப்பிடுகினம். நாங்கள் தொடங்கிப்போட்டு வருவம்.”

வெறும் படகோடு அலைதடுப்புச் சுவரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தோம். திரும்பி வந்து படகைத் துறையோடு அணைத்ததும், இடுப்பில் கைவைத்துக்கொண்டு இத்தாலியனில் அறிவித்தார்: “முதல் பயணம் முடிஞ்சுது. கெட்டது ஏதும் இருந்தால் அது என்னோடை. இது ரெண்டாவது. ஏறுங்கோ.” முதலில் சிரித்தவர் ஒரு தொந்திக்காரர். முதலில் ஏறியவரும் அவர்தான்.

அவருடைய தூண்டிலில்தான் அன்று பெரிய ரிச்சோலா மீன் விழுந்தது. அது கீழே மூழ்கிக் கிடந்த கப்பலுக்குள் புகுந்து நூலை அறுக்கப் பார்த்தது. அக்கா படகை மெல்ல அப்பால் நகர்த்தி, மீனை வெளிக்கடலுக்கு இழுத்தெடுத்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க, படகே ஆடியது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்படியொரு சந்தோசம் எனக்கு இந்த நாட்டில் அதற்கு முன் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை விரதக்காரியான அக்கா மீனை வாயில் வைக்கமாட்டார், ஆனால் அதைக் கட்டிப்பிடித்துப் படமெடுப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கரையில் கப்பித்தானோ படகுச் சாவியை அக்காவிடம் நீட்டினார்.

இப்போது அக்காவுக்குச் சொந்தப் படகே இருக்கிறது. அதே துறையில், வெள்ளிக்கிழமை புதுப் படகு இறக்கும் சிசிலியர்களும் ஆட்களை ஏற்றுமுன் வெறும் படகோடு சுவரை ஒரு தரம் சுற்றி வருகிறார்கள். ஏனென்று கேட்டுப் பார்த்தேன். அது தங்கள் பாட்டன் காலத்து வழக்கமாம்.