தெரியலையே மல்சுன்

மல்சுன் எதற்கும் சட்டென்று பதில் சொன்னதில்லை. சந்தையில் மட்டிச் சிப்பி என்ன விலை என்று கேட்டால்கூட, "தெரியலையே" என்றுதான் தொடங்குவாள். கொரியாவின் மேற்குக் கரையில் இருக்கும் அந்தச் சேற்றுக்கடல் ஊரில் அதுவே அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. பட்டப்பெயர் வைக்க மட்டும் ஊருக்கு யோசனையே தேவைப்படுவதில்லை.

அதிகம் சிரித்தவள் நாத்தனார் இன்சூக். நகரத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்று வந்தவள். "உன் தலையில இருக்கிறது மூளையா, முள்ளங்கி ஊறுகாயா?" என்பாள்.

அன்று இருவரும் கடல் வற்றிய சேற்றில் மட்டி தோண்டிக்கொண்டிருந்தபோது மூடுபனி கவிந்தது. கரை எது, கடல் எது என்று தெரியவில்லை. வற்றிய நீர் திரும்பும் நேரம் வேறு.

"மல்சுன், இந்தப் பக்கம் வா. அக்காவையும் கூட்டிட்டு வா."

தால்சூவின் குரல். மல்சுனின் கணவன், இன்சூக்கின் தம்பி. இதே சேற்றில் இப்படியொரு பனியில் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"உயிரோட இருக்கான்டி!" இன்சூக் கூடையைப் போட்டாள்.

"தெரியலையே அண்ணி..."

"என் தம்பி குரல் எனக்குத் தெரியாதா? இரு, கேட்கிறேன். டேய், சின்ன வயசுல நம்ம நாய் பேரு என்ன?"

"நூரங்கி," என்றது பனி.

இன்சூக் அழுதுகொண்டே நடக்கத் தொடங்கினாள். டீச்சர் அல்லவா, விடை தெரிந்த கேள்வியைத்தான் கேட்க வரும். மல்சுன் அவள் கையை இறுகப் பிடித்தாள். அவளுக்கும் போகத்தான் ஆசை, நெஞ்சு வெடித்துவிடும்போல ஆசை.

"என்னங்க, போன அன்னைக்கு வாசல்ல திரும்பி நின்னு என்னமோ சொன்னீங்களே. ஊர் மைக்செட் அலறினதுல எனக்குக் கேட்கல. என்ன சொன்னீங்க?"

பதில் இல்லை.

"சொல்லுங்க."

சேற்றில் நீர் ஊறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதே குரல், அதே இழுவையில்: "மல்சுன், இந்தப் பக்கம் வா."

"நமக்குத் தெரிஞ்சது மட்டுந்தான் அதுக்கும் தெரியுது அண்ணி."

குரலுக்கு முதுகைக் காட்டி, நாத்தனாரை இழுத்துக்கொண்டு நடந்தாள். நீர் முழங்காலுக்கு ஏறியபோது கரைக்கல் காலில் தட்டியது. அதுவரை அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டில், பார்லித் தண்ணீரைக் குடித்தபடி இன்சூக் கேட்டாள்: "ஒருவேளை அது பதில் சொல்லியிருந்தா?"

வழக்கமான 'தெரியலையே' வரும் என்று காத்திருந்தாள்.

"போயிருப்பேன் அண்ணி," என்றாள் மல்சுன், யோசிக்காமலே.