பதினோரு விநாடிச் சைகை

தொலைக்காட்சி விவாதத்தில் எல்லாரும் தொண்டை கிழியப் பேசுவார்கள். திரையின் ஓரத்தில் உள்ளங்கையளவு கட்டத்துக்குள் நின்று, அத்தனையையும் கைகளால் சொல்பவள் அவள். காது கேளாத தம்பியோடு சண்டை போடச் சின்ன வயதில் பழகிய சைகை மொழி, பிறகு சோறு போட்டது. அலுவலகத்தில் அவளை ஓரக்கட்டத்து அக்கா என்பார்கள்.

அன்று பூமியின் வயதைப் பற்றி விவாதம். பல கோடி வருடம் என்றார் விஞ்ஞானி. மறைநூல் அப்படிச் சொல்லவில்லை என்றார் மதகுரு. அதை ஏற்க முடியாது என்று விஞ்ஞானி மறுத்தபோது, அவள் நெற்றியைத் தொட்டுக் கையை உதறினாள். காது கேளாதவர்கள் மொழியில் மறுப்புக்குச் சைகை அதுதான்.

மறுநாள் அந்தப் பதினோரு விநாடி மட்டும், சத்தம் நீக்கப்பட்டு, கைப்பேசிகளில் சுற்றியது. மதகுருவை அவள் கேலி செய்தாளாம். வேறு இரண்டு சேனல்கள், கருத்துச் சுதந்திரத்துக்கு எல்லை உண்டா என்று அவளை வைத்தே விவாதம் நடத்தின. அங்கே சைகைக்கு ஆள் இல்லை. அக்காவை என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் தம்பி தவித்துப்போனான்.

அலுவலக விசாரணை முடியும்வரை வீட்டிலிருக்கச் சொன்னார் அவள் சேனலின் செய்தி ஆசிரியர். நான்கு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணையன்று தம்பி தன் நண்பரான தையல்காரரைக் கூட்டிவந்தான். அவருக்கும் காது கேட்காது; மதகுருவின் மதத்தவர், தொழுகை தவறாதவர்; அன்றைய விவாதத்தை முழுதும் பார்த்திருந்தவர். அவர் சாட்சியை அவளே பெயர்த்துச் சொன்னால் எடுபடுமா? காகிதம் கேட்டு வாங்கி எழுதினார். ஆசிரியர் சத்தமாகப் படித்தார்:

"அந்த விஞ்ஞானி பேசினது எனக்குச் சுத்தமா பிடிக்கல. ஆனா அவர் பேசினதத்தான் இந்தம்மா சொன்னாங்க. அவங்க மழுப்பியிருந்தா, நான் எதுக்குக் கோபப்படணும்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

ஆசிரியர் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறி, "நாங்கதான் முதல் நாளே முழுசாப் போட்டிருக்கணும்மா," என்றார்.

அன்று மாலையே முழுக் காட்சியும் சத்தத்தோடு ஒளிபரப்பானது. மதகுருவும் தொலைபேசியில், தனக்குச் சண்டை விஞ்ஞானியோடுதான், அந்தப் பெண்ணோடு இல்லை என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, அழுது முடித்தாள். பிறகு பசித்தது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது, நாளை வேலைக்குப் போகிறாயா என்று எதிரே தம்பி கைகளால் கேட்டான். கை எச்சிலாயிருந்ததால், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.