எந்த வயல் நெல் என்று கேட்கப் போன பயணம்

இது ஆசைப்பட்டுப் போன பயணம் இல்லை. அரிசி எந்த மண்ணில் விளைந்தது என்று பரிசோதித்துச் சொல்லும் சென்னை ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. பாபநாசம் பக்கம் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்யும் மலர்விழியின் புழுங்கலரிசி, அவர் வயல் மண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று எங்கள் அறிக்கை சொல்லிவிட்டது. ஊர்ப் பெயர் போட்டு விற்பதற்காக மொத்த விளைச்சலையும் வாங்க இருந்த வியாபாரி, சந்தேகம் தீராமல் எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். மறுபடி மாதிரி எடுத்துவர, போன மாசி மாதம் என்னை அனுப்பினார்கள். அந்த மாதத்தில் அது எனக்கு நான்காவது ஊர். முதுகு கெஞ்சியது.

ரயிலில் தூக்கமில்லை. காலை ஆறரைக்குத் தஞ்சாவூரில் இறங்கி, பாபநாசத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். விஷயத்தைக் கேட்ட டிரைவர், "அப்ப எங்க வீட்ல வைக்கிற சோறு ரேஷன் அரிசியா கடை அரிசியான்னும் உங்க மெஷின் சொல்லிடுமா மேடம்?" என்றார். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மலர்விழி களத்தில் நின்றிருந்தார். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நெல் மூட்டைகள்.

"நான் வேற ஊரு அரிசிய வாங்கிக் கலந்துட்டேன்னு நெனைக்கிறாங்களா மேடம்? சிங்கப்பூர்ல இருக்குற எங்க வீட்டுக்காரரே ஃபோன் பண்ணி, உண்மையச் சொல்லுன்னு கேக்குறாரு."

வயல் மண், வாய்க்கால் தண்ணீர், மூட்டையிலிருந்து நெல், எல்லாம் பையில் போட்டேன். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் தாதுக்கள் தானியத்தில் ஏறும்; அந்தத் தடயத்தை வைத்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்கிறோம். தண்ணீர்ப் பையைக் கட்டும்போதுதான் உறைத்தது.

"எங்களுக்கு அனுப்பின அரிசிக்கு நெல்ல எங்க அவிச்சீங்க?"

"ஒரத்தநாட்டுலங்க. அக்கா வீட்டுக்காரரு மில்லு. இங்க அவிச்சா அரிசி ஒரு மாதிரி வாடை அடிக்குது."

அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். புழுக்குவதற்கு முன் நெல் மணிக்கணக்கில் தொட்டியில் ஊறும். அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், இங்கே ஆற்றுத் தண்ணீர். ஊறிய நெல் அந்த ஊர்த் தண்ணீரின் தடயத்தையும் சேர்த்து வாங்கியிருக்கும். ஆய்வகத்தில் ஒருத்தராவது ஃபோன் போட்டு இதைக் கேட்டிருக்கலாம். எனக்கு எங்கள் ஆட்கள் மேல்தான் கோபம் வந்தது.

பிறகென்ன, திரும்பத் தஞ்சாவூர், அங்கிருந்து இன்னொரு பஸ், வெயிலில் ஒரத்தநாடு. மில்காரர் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, "எங்க தண்ணி நல்ல தண்ணிதாங்க" என்றார் சற்று வருத்தமாக. நல்ல தண்ணீர்தான், வேறு தண்ணீர் என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

இப்படிப் பரிசோதனைக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: அரிசியாகக் கொடுக்காதீர்கள், அவிக்காத நெல்லாகக் கொடுங்கள். அவித்ததுதான் இருக்கிறது என்றால் எங்கே அவித்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், ஆய்வகத்தில் கேட்க மாட்டார்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் விற்றாகவேண்டிய சரக்கு என்றால் இதை நம்பி இறங்காதீர்கள். மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள்.

எங்கள் முடிவும் அப்படித்தான் தாமதமாக வந்தது. நெல் அந்த வயலுடையதேதான், சந்தேகமில்லை. வியாபாரியும் எடுத்துக்கொள்ளத் தயார். சந்தோஷமாக மலர்விழிக்கு நானே ஃபோன் செய்தேன்.

"ரிப்போர்ட்ட எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பிடுங்க மேடம். நெல்லுதான் இல்ல. மழை வரும்னாங்க, கவர்மெண்ட் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டேன். எல்லாரு நெல்லோடயும் ஒரே அம்பாரமாக் கொட்டியாச்சு."

அவர் கணவரின் ஈமெயிலைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஃபோனை வைக்கும் முன் அவரே சொன்னார்:

"அங்க எந்த வயல்னு யாரும் கேக்கலைங்க. ஈரம் இருக்கான்னு மட்டும்தான் பாத்தாங்க."