இரண்டு சங்கத்து உறுப்பினர்

திருத்தணி–திருப்பதி பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்த பூபாலன், ஓய்வு பெற்ற மறுவருஷம் மனைவி மணியம்மையோடு மெல்போர்னுக்குக் குடிபோனார். அங்கே வேலையிலிருந்த மகள் கவிப்பிரியா, இனிமேல் இங்கேதான் என்று தனி அறை, கம்பளி, நடைக்கு ஷூ எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

முதல் மூன்று மாதம் தெருவில் பேச ஆளில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இல்லை. ஒரு பெட்டியில் அட்டையைக் காட்டிவிட்டு எல்லோரும் ஊமை மாதிரி உட்கார்ந்தார்கள். அந்தப் பெட்டிமேல் அவருக்குத் தனிப்பட்ட விரோதமே உண்டாகிவிட்டது.

அப்புறம்தான் சனிக்கிழமை கூடும் தமிழ் முதியோர் சங்கம் கிடைத்தது. செயலாளர் சிவப்பிரகாசம், தஞ்சாவூர்க்காரர். இட்லி, சீட்டுக்கட்டு, வம்பு என்று பூபாலனுக்கு உயிர் வந்தது. ஒருநாள் காய்கறிக் கடையில், தமிழ்க் கடைக்காரருக்குப் புரியக்கூடாதென்று கத்தரிக்காயைத் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நகரிக்காரர் முனிரத்தினம், தெலுங்கு முதியோர் சங்கச் செயலாளர். திருத்தணி என்றதும், அறுபதாம் வருஷம் வரைக்கும் அது ஆந்திராவில், எங்களுடையதுதானே என்று அங்கேயே சேர்த்துக்கொண்டார். அந்தச் சங்கம் ஞாயிற்றுக்கிழமை; அங்கே இட்லிக்குப் பதில் பெசரட்டு தோசை.

மண்டபம் பிடிப்பதில் வந்த தகராறால் இரண்டு சங்கத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டிலும் இருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை, பூபாலனும் சொல்லவில்லை.

பொங்கலன்று மாட்டிக்கொண்டார். இரண்டு சங்கத்து விழாவும் ஒரே கட்டடத்தில். தமிழ்ப் பந்தியை முடித்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்த் தெலுங்குப் பந்தியில் உட்கார்ந்திருந்தவரை, மைக் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்த சிவப்பிரகாசம் பார்த்துவிட்டார்.

"நீங்க எந்தப் பக்கம்? இன்னிக்கு ஒண்ணு சொல்லியாகணும்" என்றார். முனிரத்தினம் முதல்தடவையாக அவரோடு ஒத்துப்போய்த் தலையாட்டினார்.

பூபாலன் வாயிலிருந்ததை விழுங்கினார். "பார்டர டெய்லி நாலு வாட்டி தாண்டிகினு இருந்தவன் நானு. எந்தப் பக்கம்னு ஒரு பாசஞ்சர் கூட கேட்டதில்லங்க."

பதில் நன்றாகத்தான் இருந்தது, பலனில்லை. இரண்டு சங்கமும் அவரை நீக்கின. ஒரு மாதம் சோபாவில் கிடந்தார். மணியம்மை இரக்கப்படவில்லை. "ரெண்டு எலையில துன்னா இப்டித்தான் பாவா" என்றாள்.

மார்ச்சில் இரண்டு சங்கமும் கடற்கரைக்குப் போகப் பஸ் பேசின. இரண்டிலும் பாதி காலி. சேதி தெரிந்ததும் பூபாலன் இரு செயலாளருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, சேர்ந்து போகலாமென்று மற்றவர் கெஞ்சுவதாகச் சொன்னார். ஒரே பஸ் கிளம்பியது. வாசலில் நின்று தலை எண்ணி, முதுகுவலிக்காரர்களை முன்னால் உட்காரவைத்து, ரைட் கொடுத்தவர் பூபாலன். திரும்பும் வழியில் பொய் வெளிப்பட்டது. இருவரும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டே எல்லோருக்கும் முறுக்கு கொடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே இரண்டு சங்கமும் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டன.

இந்த ஆடிக் கிருத்திகைக்குத் தம்பதி திருத்தணி வந்தார்கள். மலை ஏறி இறங்கிய மணியம்மை முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குளிருக்குத் தான் திரும்பப் போவதில்லை என்றாள். "நீ போய்ட்டு வா. வாரத்துல ரெண்டு நாளு சங்கம். மத்த அஞ்சு நாளு யாராண்ட சண்ட போடுவ, யோசிச்சிக்க."

மெல்போர்னுக்குத் திரும்ப எடுத்திருந்த இரண்டு டிக்கெட்டையும் பூபாலன் இன்னும் ரத்து செய்யவில்லை. தினம் காலையில் அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறார். அது அன்பா, சூழ்ச்சியா என்று மணியம்மை இன்னும் முடிவுகட்டவில்லை.