வெல்மா அடைத்த கிணறுகள்

வெல்மா கிராடக் முப்பத்தோரு வருடம் தண்ணீர் பார்த்தவர். எங்கள் வட்டாரத்து மாட்டுப் பண்ணையில் பதினோரு ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன. மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிறைந்திருக்கிறதா, அதில் ஏதாவது விழுந்து செத்துக் கிடக்கிறதா என்று ஜீப்பில் சுற்றிப் பார்ப்பதுதான் அவர் வேலை. பண்ணையை விற்று அதை வனவிலங்குக் காப்பகம் ஆக்கியபோது மாடுகள் லாரியில் போயின. ஆட்களும் போனார்கள். வெல்மாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள், கிணறுகளை மூடுவதற்கு.

தண்ணீர் இருந்தால் ஒட்டகமும் ஆடும் காட்டுப் பூனையும் கூடிவிடும். காப்பகம் எதற்காக வந்ததோ அந்தப் பில்பி பிழைக்காது. நீண்ட காதுள்ள அந்தச் சின்னப் பிராணிக்குக் குடிக்கத் தண்ணீரே தேவையில்லை. அதற்காக வெல்மா ஒவ்வொரு கிணறாகக் குழாயை உருவிவிட்டு சிமெண்ட் ஊற்றினார். பழகிய தண்ணீரை விட்டு மிருகம் வேறு இடம் தேடாது, காய்ந்த தொட்டியருகிலேயே நின்று சாகும். அதனால் மறுவாரம் போய் அங்கே நிற்பதையெல்லாம் சுட வேண்டும். பத்துக் கிணற்றில் அதையும் செய்தார்.

பதினோராவது கிணற்றடியில் டாஃபி நின்றது. மாடு மடக்க வெல்மா பன்னிரண்டு வருடம் ஏறிய குதிரை. மோட்டார் பைக் வந்ததும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

"சுட்டுரு வெல்மா. இப்ப அதுவும் காட்டுக் குதிரைதான்" என்றான் காப்பக மேலாளர் லாக்லன்.

"உன்னச் சுடச் சொன்னா யோசிக்க மாட்டேன். இதுக்கு யோசிக்கணும்."

யோசித்துவிட்டு, அந்தக் கிணற்றையும் அடைத்து, குதிரையை எங்களிடம் கொண்டுவந்தார். எழுபது கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையில் எங்கள் பெட்ரோல் பங்க் இருக்கிறது.

"ஒரு மாசம் பட்டிய விட்டு வெளிய விடாதீங்க. வந்த வழி அதுக்கு மறக்கணும்" என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

"குதிரை வளக்க எனக்கே சொல்லித் தர்றியா? போ, போ."

ஒன்பதாம் நாளே அப்பா மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டார். ஞாயிறு காலை வேலி சாய்ந்து கிடந்தது. ரேடியோவில் வெல்மாவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வாய மூடு டெஸ். பசிச்சா தானா வரும். அவ காதுல விழுந்தா நம்மளத்தான் கிழிப்பா."

நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நகரத்திலிருந்து நாலு பேர் காப்பகம் பார்க்க வந்தார்கள். எங்கள் வேனை நான்தான் ஓட்டினேன். வெல்மா துப்பாக்கியுடன் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பில்பி வளைகளுக்குப் போகும் பாதை பதினோராவது கிணற்றைத் தாண்டித்தான் போகிறது.

டாஃபி தொட்டியின் ஓரத்தில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. சிமெண்டை நக்கி நக்கி உதடு கிழிந்திருந்தது. ஒரு கண்ணைக் காகம் எடுத்துவிட்டது. வெல்மாவின் குரல் கேட்டதும் காதைத் திருப்பியது. எழ முயன்று மறுபடி விழுந்தது.

வந்தவர்களில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் கத்தினார். "வேன்ல அவ்வளவு தண்ணி இருக்கே! ஊத்துங்க!"

"நேத்து வந்திருந்தா ஊத்தியிருப்பேன்" என்றார் வெல்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "எப்ப போச்சு?"

"ஞாயித்துக்கெழமை."

"இன்னைக்கு என்ன கெழமை?"

"வெள்ளி."

"வாய்ல நாக்கு இருந்துச்சா, இல்லையா?"

வெல்மா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"வந்து தலையப் பிடி."

பிடித்தேன். டாஃபியின் மூச்சு என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. நான் என் கண்ணை மூடப் போனேன். "தொறந்து வை" என்றார். திறந்தே வைத்திருந்தேன். சுட்டார்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று டீச்சர் அழுதார்.

"பில்பி பாக்கக் காசு கட்டியிருக்கீங்கல்ல? ஏறுங்க."

வளைகளைக் காட்டினார். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். யாரும் படம் எடுக்கவில்லை.

மறுநாள் லாக்லன் போய்ப் பார்த்தான். "அன்னைக்கே சுட்டிருந்தா அஞ்சு நாள் அவதி மிச்சம்" என்றான். பிணத்தை எவை தின்கின்றன என்று கணக்கெடுக்க எதிரே ஒரு கம்பத்தில் கேமராவைக் கட்டினான். தினமும் காலையில் போய் அதில் பதிவானதை எடுத்துவரும் வேலையை வெல்மாவிடம் கொடுத்தான். மறுப்பு சொல்லாமல், எலும்பு மட்டும் மிஞ்சும் வரை போய் எடுத்துவந்தார்.

இப்போதும் எங்கள் பங்கில்தான் பெட்ரோல் போடுகிறார். அப்பா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்னிடம் மட்டும் பேசுகிறார்.

"டெஸ், இன்னைக்கு என்ன கெழமை?"

சொல்லும் வரை வண்டியை எடுப்பதில்லை.