மகளுக்குத் தலைவாரக் கற்ற முனிவேல்

2008 பிப்ரவரி கடைசியில் முனிவேல் தன் ஆறு வயது மகளோடு ஓசூர் பக்கத்துப் பேரிகையில், சொந்த ஊரில், பஸ்ஸை விட்டு இறங்கினான். கையில் ஒரு பெட்டி, ஒரு பை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் பஸ் ஏறிப் போனவன்தான். பாகலூர் பக்கம் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸில் நல்ல வேலைக்காரன் என்று பேர் வாங்கியிருந்ததால், கென்யாவில் நைவாஷா என்ற ஊரிலிருந்த பூப்பண்ணைக்கு சூப்பர்வைசராகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே பூக்களைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்த ஞேரியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். மூத்த பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவள் பேரை வைப்பது ஞேரியின் ஜனங்களுடைய வழக்கம். அதனால் கென்யாவில் பிறந்த குழந்தைக்குப் பேரிகையில் செத்துப்போன முனிவேலின் அம்மா பேர் வந்து சேர்ந்தது. சாந்தம்மா.

ஞேரி இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள். அந்தக் குழந்தையும் தங்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் தேர்தல் கலவரம் வந்தது. பண்ணைக்கு வெளியே வீடுகள் எரிந்தன. ஊருக்குப் போய்விடுவது என்று முனிவேல் முடிவெடுத்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள், ஞேரியின் அக்கா வஞ்சிரு காலையில் உட்கார்ந்து மதியம் வரை சாந்தம்மாவுக்குத் தலை பின்னிவிட்டாள். வகிடு வகிடாக எடுத்து, மண்டையோடு ஒட்டிய மெல்லிய பின்னல்கள். பின்னிக்கொண்டே என்னென்னவோ சொன்னாள். எத்தனை நாள் விடலாம், எப்போது அவிழ்க்கணும், எதைத் தடவணும் என்றெல்லாம். முனிவேல் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பத்தாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். "சரி, சரி" என்று தலையாட்டினான். ஒன்றும் காதில் விழவில்லை.

ஒரு மாதத்தில் பின்னல்கள் தளர்ந்தன. முனிவேல் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ஞேரி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பிள்ளையைக் கால் இடுக்கில் உட்காரவைத்து அவள்தான் எல்லாம் செய்வாள். ஒரு நாள்கூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அண்ணன் எல்லப்பனின் பெண்டாட்டி வெங்கடம்மாள்தான் முதலில் சீப்பை எடுத்தாள். நல்ல மனுஷி. தாயில்லாத பிள்ளை என்று தன் பிள்ளைகளுக்கு முன்னால் இவளுக்குத்தான் சோறு போடுவாள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்து, உச்சியில் சீப்பை வைத்துக் கீழே இழுத்தாள். சீப்பு அரை விரல்கூட இறங்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். சாந்தம்மா அலறிய அலறலில் களத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். சீப்பில் இரண்டு பல் போயிருந்தது. கூடவே ஒரு கொத்து முடியும் வந்திருந்தது.

"இது என்னா முடிப்பா, கம்பிச் சுருளாட்டம் இருக்குது. தண்ணி ஊத்தனா உள்ள போவ மாட்டேங்குது, சீப்பு வெச்சா எறங்க மாட்டேங்குது" என்றாள் வெங்கடம்மாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

சாந்தம்மாவுக்குத் தமிழ் நாலைந்து வார்த்தைதான் தெரியும். தகப்பனை பாபா என்றுதான் கூப்பிடுவாள், அவனிடம் பேசுவது கென்யாவில் பழகிய சுவாஹிலி. வலிக்கிறது என்று சொல்வதற்குக்கூட வெங்கடம்மாளிடம் அவளுக்கு வார்த்தை இல்லை. அடுத்த வாரம் சீப்பைக் கண்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டாள். அப்புறம் யாரையும் தலையில் கைவைக்க விடவில்லை. சித்திரை வெயிலில் எண்ணெயும் புழுதியும் வியர்வையும் சேர்ந்து, பின்மண்டையில் முடி அப்படியே கம்பளித்துணி மாதிரி இறுகிப்போயிற்று. தெருப்பிள்ளைகள் குருவிக்கூடு என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தையைத்தான் அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

மே மாதம் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனபோது சுவாதி டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னார். "அட்மிஷன் போட்டுக்கறோம் சார். ஆனா ரெட்டை ஜடை, ரிப்பன் போட்டு அனுப்பணும். முடியலனா கிராப் வெட்டிடுங்க. இப்படியே வந்தா மத்த பேரன்ட்ஸ் கேப்பாங்க."

அதே வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. தலையைத் தொட்டுப் பார்த்தால் இறுகிய முடிக்கு அடியில் ஈரமாக இருந்தது. சீழ் நாற்றம். மருத்துவமனையில் டாக்டர் பார்த்துவிட்டு, "மொட்டை போட்டுடுங்க, அப்பதான் மருந்து போட முடியும்" என்று எழுதிக்கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முனிவேல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்தான். ஞேரியைப் புதைத்த அன்று அவள் வீட்டுப் பெரியவர்கள் துக்கத்துக்கென்று பிள்ளையின் தலையை மழித்திருந்தார்கள். அதற்கப்புறம் வளர்ந்த முடி இது. மறுபடியும் கத்தி என்றால் இன்னொரு சாவு என்றுதான் பிள்ளை நினைத்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் காய்ச்சல் நூற்று இரண்டு இருந்தது. எல்லப்பன் போய் முடிதிருத்தும் நாராயணப்பனைக் கூட்டி வந்துவிட்டான்.

முனிவேல் மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வெங்கடம்மாள் கால்களைப் பிடித்தாள். நாராயணப்பன் கத்தரியை எடுத்து இடது காதுக்கு மேலே நாலு வெட்டு வெட்டினார். சாந்தம்மா முனிவேலின் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. "பாபா, நான் சாகல! நான் சாகல, பாபா!" என்று சுவாஹிலியில் கத்தினாள். திரும்பத் திரும்ப அதையேதான் கத்தினாள்.

"என்னாப்பா சொல்லுது கொழந்த?" என்று கேட்டார் நாராயணப்பன்.

முனிவேல் சொன்னான். அவர் கத்தரியைப் பெட்டியில் போட்டு மூடினார். "தப்பா நெனக்காத முனிவேலு. இந்தக் கொழந்தைக்கு நான் கத்தி வெக்க மாட்டன். வேற ஆள பாத்துக்க."

ஒரு பக்கம் வெட்டியும் மறுபக்கம் பாறையாகவும் இருந்த தலையோடு பிள்ளை மூலையில் போய் உட்கார்ந்தது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் தகப்பன் கையால் சோறு வாங்கவில்லை. காய்ச்சல் மாத்திரையைக்கூட வெங்கடம்மாள்தான் பொடி செய்து பாலில் கலந்து கொடுக்கவேண்டியிருந்தது. நாலு நாளில் காய்ச்சல் விட்டது, புண் ஆறவில்லை.

முனிவேல் வஞ்சிருவுக்குப் போன் போட்டான். ஓசூரில் ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று பத்து நாள் போட்டான். நம்பர் உபயோகத்தில் இல்லை என்ற குரல்தான் வந்தது. கலவரத்தில் வீடு போனவள், எந்த முகாமில் இருக்கிறாளோ. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடச் சொன்னான். அங்கிருந்த ஆள் எடுத்துக் கொடுத்த பக்கங்கள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. அதில் சொன்ன சாமான் ஒன்றைக்கூட ஓசூர் கடையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பத்தாம் நாள் பூத்தை விட்டு வெளியே வந்தவன் பஸ் ஸ்டாண்டு சுவரில் சாய்ந்து அழுதான். போகிறவர்கள் குடித்திருக்கிறான் என்று ஒதுங்கிப் போனார்கள்.

பெங்களூரில் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் காலேஜ் படிக்கிறார்கள் என்று பழைய பாலிஹவுஸில் மருந்து தெளிக்கும் ஆஞ்சப்பன் சொன்னான். மறுநாள் முனிவேல் கிளம்பிப் போனான். அவர்கள் தங்கியிருந்த தெருக்களில் நடந்து, எதிரே வந்த பெண்களை நிறுத்தி சுவாஹிலியில் பேசினான். முதலில் பார்த்தவர்கள் நைஜீரியாக்காரிகள். அந்த மொழி அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தி வம்புக்கு வருகிறான் என்று நினைத்துச் சத்தம் போட, மளிகைக்கடைக்காரர் கன்னடத்தில் திட்டி விரட்டினார். இரண்டாவது தடவை போனபோதும் யாரும் அகப்படவில்லை. மூன்றாவது தடவை, ஜெராக்ஸ் கடை வாசலில் அவன் வணக்கம் சொன்னதும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சுவாஹிலியில் பதில் வணக்கம் சொன்னாள். பேர் ரெஹெமா. தான்சானியாக்காரி, நர்சிங் படிக்கிறவள், இருபத்திரண்டு வயசு. அவன் சொன்னதை முழுக்கக் கேட்டபோது சிரிப்பு போய்விட்டது.

"குழந்தையைக் கூட்டிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் யாரும் அந்தத் தலையைத் தொடக்கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனான். தன்னைப் போலவே முடி இருக்கிற ஒருத்தியைப் பார்த்ததும் சாந்தம்மா ஓடிப்போய் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். ரெஹெமா புண்ணைப் பார்த்தாள். அப்புறம் முனிவேலைப் பார்த்த பார்வையை அவன் ரொம்ப நாள் மறக்கவில்லை.

"காய்ஞ்ச முடியில சீப்பு வெச்சது யாரு?"

"வீட்ல… எங்களுக்குத் தெரியல."

"எட்டு வருஷம் எங்க ஊர்ப்பக்கம் இருந்தீங்க. பெண்டாட்டி தலையை ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"



ரெஹெமா தானே செய்துவிடுவதாக இல்லை. அவனையே பக்கத்தில் உட்காரவைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரை முடி முழுக்கத் தெளித்து, கண்டிஷனரைக் கை நிறைய எடுத்துப் பூசச் சொன்னாள். முடியை நாலாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கி, ஒரு பாகத்தை மட்டும் எடுக்கச் சொன்னாள். முதலில் விரலாலேயே சிக்கைப் பிரிக்கணும். நுனியில் ஆரம்பிக்கணும், அது விட்டபிறகு கொஞ்சம் மேலே, அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே. வேரை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டைக்குப் போகாது. முனிவேலின் விரல்கள் ரோஜா முள்ளில் காய்த்துப்போனவை. அதில் முடி மாட்டியது. ரெஹெமா அவன் கையில் அடித்தாள். "அவசரப்படாதீங்க" என்றாள். நாலரை மணிநேரம் ஆயிற்று. பின்மண்டையில் இறுகியிருந்ததில் பாதிக்குமேல் பிரிக்க முடியவில்லை. சாந்தம்மாவிடம் கண்ணாடியைக் கொடுத்து, எதை வெட்டப்போகிறோம், எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று ரெஹெமா காட்டினாள். பிள்ளை யோசித்துவிட்டுச் சரி என்றது. எல்லா இடத்திலும் நாலு விரல் நீளம்தான் மிஞ்சியது.

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. காதுக்குப் பின்னால் ரூபாய்க் காசு அளவுக்கு ஓர் இடத்தில் முடி திரும்ப முளைக்கவே இல்லை. முனிவேல் தனியாகச் செய்த முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்தான். பிள்ளை பாதி நேரம் அழுதது. ரெஹெமா சொல்லிக்கொடுத்தபடி முடியை இரண்டு புரியாக்கி முறுக்கிப் போட்டது மாலைக்குள் அவிழ்ந்துவிட்டது. அடுத்த வாரமும் அப்படித்தான். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று, ஞேரியைத் திட்டினான், செத்ததற்காக. பிறகு திரும்பி வந்து மறுபடியும் தண்ணீர் தெளித்தான். ஆடி மாதத்துக்குள் இரட்டைப்புரி முறுக்கு ஒழுங்காக வந்தது. தலையில் எட்டு முறுக்கு, நுனியில் சிவப்பு ரிப்பன். சுவாதி டீச்சர் ரிப்பனைப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் போகச் சொன்னார்.

பருத்தித் துணி முடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும், வழுக்குகிற துணியில்தான் படுக்கணும் என்று ரெஹெமா சொல்லியிருந்தாள். வெங்கடம்மாள் தன்னுடைய சாட்டின் உள்பாவாடையைக் கிழித்துக் குல்லாய் தைத்துக் கொடுத்தாள். சாந்தம்மா அதைப் போட்டுக்கொண்டாள். ஆனால் பெரியம்மா கை தலைக்குப் பக்கத்தில் வந்தால் கழுத்தைச் சுருக்கிக்கொள்வாள். ஒரு தடவை வெங்கடம்மாள் முனிவேலிடம் சொன்னாள். "எம்மேல தப்புதான். வேணும்னா பண்ணேன்? அது எப்பவாச்சும் மறக்குமா?"

"தெரியல அண்ணி. என்னையே இன்னும் மன்னிச்சுதான்னு எனக்குத் தெரியல" என்றான் அவன்.

மறுவருஷம் ஜனவரியில் முனிவேலுக்கு டைபாய்டு வந்தது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. அந்த வாரம் ஒரு நாள் பள்ளியில் குரூப் போட்டோ. சாந்தம்மா தானே சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து, கண்ணாடி முன்னால் நின்று தலையை நனைத்து, முன்பக்கம் நாலு முறுக்கு போட்டாள். இரண்டு கோணலாக இருந்தன. பின்னால் கை எட்டவில்லை. ரொம்ப நேரம் முயற்சி பண்ணினாள். கட்டிலில் படுத்தபடி முனிவேல் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் எழுந்துவிடுவேன் என்று சொல்ல நினைத்தான். 

கடைசியில் அவள் சீப்பை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள். "பெரிம்மா, பின்னாடி மட்டும்" என்றாள். இப்போது தமிழ் நன்றாக வந்திருந்தது.

வெங்கடம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். சீப்பை வாங்கியவளுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வைத்ததும், "வலிக்குது" என்றது பிள்ளை. வெங்கடம்மாள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். சாந்தம்மா ஓடிப்போகவில்லை. சொம்பை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

"தண்ணி போடணும் பெரிம்மா. அப்பறம் இங்கருந்து" என்று முடியின் நுனியைப் பிடித்துக் காட்டினாள்.