பத்துச் சொட்டும் ஒரு தொட்டித் தண்ணீரும்

வெள்ளக்கடை ஊருக்கு மேலே மலை எஸ்டேட் ஒன்றில் வாசனைப்புல்லை வேகவைத்துத் தைலம் எடுத்தார்கள். அந்தக் கொட்டகையில் பதினோரு வருஷம் நின்றவள் என் அண்ணி லூர்துசெல்வி. கொப்பரை ஆவி குழாயில் குளிர்ந்து வந்து பாத்திரத்தில் விழும். தண்ணீர் அடியில் தங்கும், தைலம் மேலே மிதக்கும். மிதப்பதை வழித்துப் புட்டியில் சேர்ப்பதுதான் அவள் வேலை.

எண்பத்தொன்பதாம் வருஷ மழையில் அவள் மகள் இன்பமேரிக்குச் சளி பிடித்தது. மூன்று வயசுப் பிள்ளை. தைலம் போடலாமா என்று அண்ணி மூன்று பேரிடம் கேட்டதுதான் தப்பு.

டிஸ்பென்சரி சிஸ்டர் மூக்காலேயே பேசுவார். "தைலமா? ம்ஹும்! பிள்ளை பக்கத்துல கொண்டு போகாதே. ஒரு சொட்டு கூடாது."

மாரமங்கலம் குழந்தைவேல் வைத்தியர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக விடுவார். "சிஸ்டருக்கு... என்ன தெரியுமுங்க? ஒரு சொட்டு... ஒரு கிண்ணம் நல்லெண்ணெயில... உள்ளங்கால்ல மட்டும்... தடவோணும்."

பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்த பெங்களூர் அம்மா, வாசனை வைத்தியத்தை வெளிநாட்டில் படித்தவர். "அய்யோ, நேச்சுரல்தானே! குளிக்கிற தண்ணியில பத்து டிராப்ஸ். அப்படியே கலந்து போயிடும்!"

என் அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். இங்கிலீஷில் சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு. சனிக்கிழமை தொட்டியில் வெந்நீர் ஊற்றிப் பத்துச் சொட்டையும் எண்ணி விட்டான்.

"ஏனுங்க," அண்ணி தடுத்தாள், "தைலம் தண்ணியில கலக்காதுங்க. மேலயே நிக்கும். அப்படியே புள்ள தோல்ல ஒட்டிக்கும்."

"உனக்கென்ன புள்ள தெரியும்? அந்தம்மா படிச்சவங்க."

"நா தினமும் பாக்கறனுங்க!"

"நீ பாக்கறது கொப்பரை. இது குளிக்கிற தண்ணி."

இன்பமேரி சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றாள். அண்ணி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"அப்பிடீன்னா மொதல்ல நீங்க கைய உடுங்க. அப்புறம் எம்புள்ளய உடறேன்."

அண்ணன் வீறாப்பாக முழங்கை வரை விட்டு அளைந்தான். "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று நெற்றி வியர்வையையும் அதே கையால் துடைத்தான். கொஞ்ச நேரத்தில், "அய்யோ மாதாவே! கண்ணு!" என்று கிணற்றடிக்கு ஓடினான். கை முழுக்கச் சிவப்புத் தடிப்பு.

"தண்ணி நொம்ப சூடு புள்ள, அதான்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று தீர்ப்பும் வந்தன. "நான் சொன்னேனே" என்றார் சிஸ்டர். "நல்லெண்ணெய்... சேக்கலையே" என்றார் வைத்தியர். பெங்களூர் அம்மாவோ, "உங்க எஸ்டேட் தைலம் ப்யூர் இல்லை போல" என்றார். வழித்தவள் எதிரிலேயே நிற்கிறாள்! ஒருவராவது, "உனக்கு முன்னாலேயே எப்படித் தெரிஞ்சது செல்வி?" என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, தைலம் விட்டு, மூடி போட்டு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாதா படத்தருகே வைத்தாள். மஞ்சள் ஏடு மேலே நின்றது.

"இதக் கண்ணுல பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க."

ஒரு வாரம் அண்ணன் தினமும் காலையில் பார்த்தான். எட்டாம் நாள் டம்ளரை எடுத்து நன்றாகக் குலுக்கினான்.

"இப்பக் கலந்துருச்சு பாரு புள்ள!"

அண்ணி இன்பமேரியைத் தூக்கிக்கொண்டு போய் வெறும் வெந்நீரில் குளிப்பாட்டினாள். குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு.